மூன்றாம் வகுப்புக்கு மேல்துணி கிடையாது

நர்ஸ் வேலை என்றதும் எல்லாருக்கும் ஊசியும் மருந்தும்தான் ஞாபகம் வரும்; உண்மையில் அந்த வேலையில் பாதி ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பது, மீதிப் பாதி புரட்டிய ஆளை மூடுவது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தடவையாவது மல்லாந்து கிடந்து, நாடா அறுந்த கவுனை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதைப் படித்தால் போதும். மற்றவர்களுக்குப் புரியாது. அவர்களுக்கும் ஒரு நாள் வரும், அப்போது படித்துக்கொள்ளட்டும்.

மலாக்கா டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில், மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா விடுதலைக்கு, கொஞ்சம் முன்னும் பின்னுமாக நான் வேலை பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. எனக்கும் சண்டை போடத் தெம்பு இருக்கிறது, வீட்டில்தான் விட மாட்டார்கள். பெண்கள் மூன்றாம் வகுப்பு வார்டில் எனக்கு வேலை. ஊரில் நர்ஸ் என்று யாரும் கூப்பிடுவதில்லை, மிஸ்ஸி என்றுதான் பேர். தங்கியிருந்தது காஜா பெராங்கில், மீனாட்சி மக்சிக் வீட்டில் ஓர் அறை.

மக்சிக் என்றால் மலாயில் அத்தை, சின்னம்மா மாதிரி. அவர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்ப் பழக்கத்தில் கலந்துவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் விபூதி இருக்கும், வெள்ளிக்கிழமை கோயில் தவறாது, வாயைத் திறந்தால் மட்டும் மலாய்தான். நாலைந்து சொல்லைத் தவிரத் தமிழ் வராது. அதனால் அவர் சொன்னதையெல்லாம் நான் தமிழில் போட்டு எழுதுகிறேன். அவர் குரலில் இருந்த காரத்தை மட்டும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெட்கம் வலிக்காது

பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே துணி போடுவதுதான். டாக்டர் வயிற்றைப் பார்க்க வேண்டுமா, வயிறு மட்டும் தெரிய வேண்டும். ஒரு கையைத் துடைக்க வேண்டுமா, அந்தக் கை மட்டும் வெளியே வர வேண்டும். பெண்களுக்கு உள்சோதனை என்றால் மேல்துணியை மூலைவாட்டத்தில் போட்டு, இரண்டு பக்க முனையையும் இரண்டு கால்களில் சுற்றிவிட வேண்டும். நடுவில் தொங்கும் முனையை மட்டும் டாக்டர் தூக்கிப் பார்ப்பார். பரீட்சையில் இதைத் தப்பாகச் செய்தவர்களை ஃபெயில் பண்ணினார்கள். நான் நன்றாகச் செய்து பாஸ் பண்ணி, உடுப்புக்குக் கஞ்சி போட்டு, பெருமையாக வார்டுக்குப் போனேன். போய்ப் பார்த்தால் மேல்துணியே இல்லை.

மூன்றாம் வகுப்புக்குக் கட்டிலுக்கு ஒரு துணி என்று கணக்காம். அதைக் கீழே விரித்தால் மேலே மூட ஒன்றும் கிடையாது. மேலே மூடினால் கீழே வெறும் ரப்பர் விரிப்பில் நோயாளியின் தோல் ஒட்டிக்கொள்ளும். முதல் வகுப்புக்கு மட்டும் கீழே ஒன்று, மேலே ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று கால்மாட்டில் மடித்து இன்னொன்று. உடம்பு எல்லா வகுப்பிலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, பிறகு ஏன் இந்தப் பேதம் என்று எனக்கு வயிறு எரிந்தது.

துணி ஸ்டோரில் ஒரு கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா, இருந்தார். அலமாரி நிறைய வெள்ளைத் துணியை அடுக்கி வைத்துக்கொண்டு, தன் வீட்டுச் சீதனம் போலக் காவல் காப்பார். நான் போய்ப் பக்குவமாகத்தான் கேட்டேன். கிராணி, வார்டில் பெண்களைச் சோதனை செய்யும்போது மூடத் துணி இல்லை, பாவம் கூசிப் போகிறார்கள், ஒரு கட்டுத் துணி கொடுங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

"துணி கூடினா வெளுக்கிறவனுக்குக் கை வலிக்கும் மிஸ்ஸி. நோயாளிக்கு வெறும் வெட்கம்தானே, அது வலிக்காது."

ஒரு மடிப்பு இல்லாத தட்டி

துணிதான் இல்லை, மறைப்பாவது இருக்கிறதா என்றால், இருந்தது. மூன்று மடிப்புத் தட்டி ஒன்று, கீழே சக்கரம் வைத்தது. மூன்று மடிப்பில் இரண்டில்தான் துணி இருந்தது. மூன்றாவது வெறும் சட்டம், அதன் வழியாக வார்டு முழுக்கத் தெரியும். அந்தத் துணி எப்போது கிழிந்தது, யார் கழற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஆள் கையை விரித்தார்கள்.

அந்தச் சட்டம் என்ன பாவம் செய்தது என்று எனக்கு மீனாட்சி மக்சிக் வீட்டில்தான் தெரிந்தது. குடிபோன கொஞ்ச நாளிலேயே அவர் நடையைக் கவனித்தேன். காலை அகட்டி, மெதுவாக, சுவரைப் பிடித்தபடி நடப்பார். உட்கார்ந்தால் எழ யோசிப்பார். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார், அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும் என்று. அஞ்சு பிள்ளை பெற்ற உடம்பு. கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்பது எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இப்படியே விட்டால் ஒரு நாள் மூத்திரம் அடைத்துக்கொள்ளும், கிட்னியைக் கெடுக்கும், ஆளையே கொண்டுபோய்விடும். வாருங்கள் மக்சிக், நான்தான் அங்கே இருக்கிறேனே, கூட்டிப் போகிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடாமல் கேட்டதில் ஒரு நாள் சொன்னார். நான் சேர்வதற்கு முன்பே அவர் எங்கள் வார்டுக்குத்தான் வந்திருக்கிறார். மேலே போடும் கெபாயாச் சட்டை, இடுப்பில் கட்டும் சாரோங் எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கவுன் ஒன்றை மாட்டி, மல்லாத்திப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, கவுனை மார்புவரை சுருட்டிவிட்டார்கள். மேலே ஒரு முழத் துணி கிடையாது. டாக்டர், பயிற்சிக்கு வந்தவர்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாராம். மக்சிக் தலையைத் திருப்பியபோது அந்த வெறும் சட்டத்தின் வழியே ஒரு முகம் தெரிந்தது. மக்சிக் தெருவிலேயே பலகாரம் விற்கிறவர். காய்ச்சலில் கிடந்த பெண்சாதியைப் பார்க்க வந்தவர், பெண்சாதியை விட்டுவிட்டு இங்கே பார்த்துக்கொண்டிருந்தார். தவறிப்போய்ப் பார்த்தவர் என்றால் முகத்தைத் திருப்பியிருப்பார். இவர் திருப்பவில்லை. பிறகு காப்பிக் கடையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொல்லவும் செய்திருக்கிறார்.

அன்றிலிருந்து மக்சிக் தெருவில் இறங்குவதில்லை. கோயிலுக்குக்கூடப் பின்வழியாகத்தான் போவார். நான் கேட்டுவிட்டுக் கொதித்துப் போனேன். அந்த ஆளையும் அடிக்க வேண்டும், சட்டத்துக்குத் துணி போடாதவர்களையும் அடிக்க வேண்டும் போல இருந்தது. அதெல்லாம் போகட்டும் மக்சிக், உடம்பைப் பாருங்கள், இன்னொரு தடவை வாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் வெற்றிலையை மடித்தபடி என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அன்னிக்கு என்னை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன் மிஸ்ஸி. நீ வேலைக்குப் போறபோது பாரு, இருந்தா எடுத்துட்டு வா."

தலை வைக்கக் கூடாத திசை

இதற்கு நடுவில் வார்டில் என் பாட்டை யாரிடம் சொல்ல. பிரசவத்தில் நிறைய ரத்தம் போன ஒரு பெண், செங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். ரத்தம் தலைக்கு ஏற வேண்டும் என்று கட்டிலின் கால்பக்கத்தை மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்திருந்தோம். தலை தாழ்ந்து, கால் உயர்ந்து இருக்க வேண்டும். அதுதான் அன்றைக்கு அவளுக்கு மருந்து.

மாலையில் பார்வையாளர் நேரம் முடிந்து நான் திரும்பி வந்தால், பெண் தலைகீழாகக் கிடக்கிறாள். அதாவது தலை இருந்த இடத்தில் கால், கால் இருந்த இடத்தில் தலை. உயர்ந்த பக்கத்தில் தலையும் தாழ்ந்த பக்கத்தில் காலுமாக, உதடு வெளுத்து, கண் செருகிப் போய்க் கிடந்தாள். நானும் ஆயா முனியம்மாவும் ஓடிப்போய்த் திருப்பிப் போட்டு, அவளுக்கு நினைவு வந்து தண்ணீர் கேட்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவள் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏதோ நாங்கள்தான் தப்புச் செய்ததுபோல் முறைத்தார். அந்த வரிசைக் கட்டில்கள் எல்லாம் வடக்குச் சுவரை ஒட்டித் தலைமாடு வைத்தவை. வடக்கே தலை வைத்துப் படுக்கலாமா? கூடாது என்று அவரே மருமகளைச் சுற்றிப் போட்டுவிட்டார்.

நான் சத்தம் போட்டேன். நன்றாகவே போட்டேன். ஆனால் மறுநாள் யோசித்தால், அந்த அம்மா கேட்டதிலும் ஒன்றும் குற்றமில்லை, தெற்கே தலை வைத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. முனியம்மாவைக் கூட்டிக்கொண்டு, கட்டில், கட்டை எல்லாவற்றோடும் சேர்த்துச் சுற்றிப் போட்டேன். தலை தெற்கே, தாழ்வாகவும் ஆயிற்று. பெண் நிம்மதியாகத் தூங்கினாள், மாமியாரும் அடங்கினார். அப்போது எங்கள் நர்ஸ்களுக்கெல்லாம் மேலதிகாரியான மேட்ரன் வந்தார். வெள்ளைக்காரம்மா, கெட்டவர் இல்லை, ஆனால் வார்டைப் பார்க்கிற கண்ணால் நோயாளியைப் பார்க்க மாட்டார். எல்லாக் கட்டிலும் ஒரு பக்கம் பார்க்க, ஒன்று மட்டும் மறுபக்கம் பார்ப்பதைக் கண்டு அவர் முகம் சிவந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நோயாளி எந்தத் திசையிலும் தூங்கலாம், நர்ஸ். கட்டில் மட்டும் வரிசையில் நிற்க வேண்டும்."

முதல் வகுப்புப் பல்லி

ஒரு வாரம் முதல் வகுப்பில் ஆள் குறைவு என்று என்னை அங்கே அனுப்பினார்கள். அங்கே ஒரு கான்ட்ராக்டர். நம்மவர்தான், ரோடு போடுகிறவர். மூன்று நாளாக வயிறு போகவில்லை, எனிமா கொடுக்க வேண்டும். தனி அறை, கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, ஜன்னலுக்குத் திரை இருக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கி, மேலே இரண்டு துணி போட்டு, வேண்டிய இடத்தை மட்டும் விலக்கினேன். ஒரு ராஜாவுக்குக்கூட அவ்வளவு மூடியிருக்க மாட்டார்கள்.

அவருக்கு அது போதவில்லை. தட்டி வேண்டும் என்றார். கதவு சாத்தியிருக்கிறதே ஐயா, அறைக்குள் நீங்களும் நானும் இந்த அட்டெண்டனும்தானே இருக்கிறோம் என்றேன். தட்டி வைக்காவிட்டால் மேட்ரனிடம் சொல்லுவேன் என்றார். அட்டெண்டன் போய்க் கொண்டுவந்தான். எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? என் வார்டிலிருந்துதான். பெண்களை மறைக்க இருந்த அந்த ஒரே தட்டி, ரெண்டே மடிப்பில் துணி உள்ள தட்டி, அதையும் உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்த நேரத்தில் அங்கே யாரைச் சோதனைக்குப் படுக்க வைத்திருந்தார்களோ என்று நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. ரப்பர் குழாயை வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் நானே தட்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். அதற்குள் மனிதர் படுத்தபடியே கையை நீட்டித் தட்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இன்னும் யார் பார்க்கப் போகிறார்கள் ஐயா என்று கேட்டேன். கண்ணால் மேலே காட்டிச் சொன்னார்:

"செவத்துல பல்லி இருக்குது பாருங்க மிஸ்ஸி. வந்ததுலேர்ந்து அது என்னையேதான் பார்க்குது."

மேசைக்கு வந்த மெர்டேக்கா

மெர்டேக்கா வந்தது. ஊரே விளக்குப் போட்டுக்கொண்டது. நாங்களும் சந்தோஷமாகத்தான் இருந்தோம், அதில் பொய் இல்லை. கொடியைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. ஆஸ்பத்திரிப் புல்வெளியில் பெரிய மனிதர்களுக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள். காலையிலேயே என் வார்டில் துணி மாற்ற வேண்டும், ஸ்டோருக்கு ஆள் அனுப்பினால் துணி இல்லை என்று பதில் வந்தது. அலமாரி நிறைய இருந்ததே, நேற்று நானே பார்த்தேனே என்று நேரில் போனேன். அலமாரி காலி. கிராணியையும் காணோம்.

வெளியே வந்து பார்க்கிறேன், புல்வெளியில் நீள நீளமாக மேசைகள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளை வெளேர் என்று எங்கள் கட்டில் துணி. மேலே ஒன்று, கால் தெரியக் கூடாது என்று பக்கத்துக்கு ஒன்று, மடிப்புக் கலையாமல் குண்டூசி குத்தி. மேசைக்காலை மறைக்க இந்த ஊரில் துணி இருக்கிறது. கிராணி ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் போனார். அத்தனை பேர் முன்னால் சண்டை போட வேண்டாம் என்று திரும்பினேன். இன்றுவரை அதற்காக வருத்தப்படுகிறேன், போட்டிருக்கலாம்.

அன்றைக்கு வார்டில் அழுக்குத் துணியை எடுத்த கட்டில்களுக்கு மாற்றுத் துணி இல்லாமல், பெண்கள் ரப்பர் விரிப்பில் கவுனை இழுத்து இழுத்து மூடியபடி கிடந்தார்கள். ஜன்னல் ஓரக் கட்டிலில் ஓர் அம்மா. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர், முதுகில் பெரிய கட்டி அறுத்திருந்ததால் குப்புறவே படுக்க வேண்டியவர். அந்த நிலையில் கழுத்தைத் திருப்பி வெளியே விருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் துண்டை எடுத்து அவர் இடுப்பில் போட்டேன். அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"மேசைக்கெல்லாம் மூடி முடிச்சிட்டாங்க போலிருக்கே மிஸ்ஸி, அடுத்தாப்புல நாங்கதானே?"

கிணற்றடிச் சாமர்த்தியம்

அடுத்து அவர்கள் இல்லை. மேட்ரனிடம் போனேன், டாக்டரிடம் போனேன், தட்டிக்காவது துணி தாருங்கள் என்று கேட்டேன். புதிய அரசாங்கம் வந்திருக்கிறது, எல்லாம் மெதுவாக வரும் என்றார்கள். மீனாட்சி மக்சிக்கின் உடம்பு அவ்வளவு மெதுவாக இல்லை. ஒரு நாள் காலை அவர் அறையிலிருந்து முனகல் கேட்டது. போய்ப் பார்த்தால் அடிவயிறு உப்பிக் கல்லாக இருக்கிறது. முந்தின நாளிலிருந்து மூத்திரம் போகவில்லை. எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. மக்சிக், இப்போது வராவிட்டால் செத்துப் போவீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார். வருகிறேன், ஆனால் என் சாரோங்கை யாரும் அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுவேன் என்றார். நான் சரி என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

வார்டுக்கு வந்ததும் முனியம்மா வழக்கப்படி கவுனை நீட்டினார். நான் தடுத்தேன். மக்சிக் பையிலிருந்து இன்னொரு சாரோங்கை எடுத்தார். இந்தப் பக்கத்துப் பெண்கள் வீட்டுக் கிணற்றடியில் குளிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தெரு பார்க்கத்தான் குளிப்பார்கள், ஒரு விரற்கடை உடம்பு தெரியாது. பைபோலத் தைத்த துணிதானே சாரோங். காய்ந்ததைத் தலைவழியே போட்டு, விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே ஈரத்தை நழுவவிட்டு, மேலதை மார்புக்கு மேலே ஒரு சொருகு சொருகினால் முடிந்தது. மக்சிக் அந்த வலியிலும் கட்டில் ஓரத்தில் நின்று அதைத்தான் செய்தார். கெபாயாவும் பழைய சாரோங்கும் காலடியில் விழுந்தன. வார்டே பார்த்துக்கொண்டிருந்தது, பார்க்க ஒன்றும் இல்லை.

எனக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. மல்லாத்திப் போடவில்லை. இடப்பக்கம் ஒருக்களித்து, சுவரைப் பார்க்க, மேல்காலை நன்றாக மடக்கிப் படுக்க வைத்தேன். சாரோங்கைப் பின்பக்கம் மட்டும் வேண்டிய அளவு சுருட்டினேன். முன்பக்கமும் கால்களும் துணிக்குள்ளேயே இருந்தன. துணி தைத்ததாக இருப்பதால் நழுவவும் இல்லை, காற்றில் விலகவும் இல்லை. டாக்டர் வந்தார், முதுகுப் பக்கம் உட்கார்ந்தார், மக்சிக் அவர் முகத்தையே பார்க்க வேண்டியிருக்கவில்லை. நான் தட்டியின் வெறும் சட்டத்தில், வார்டுக்கு முதுகைக் காட்டி அடைத்துக்கொண்டு நின்றேன். குழாய் போட்டு மூத்திரம் எடுத்ததும் மக்சிக்கிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கையைப் பின்னால் நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டார். சோதனை முழுக்க முடியும்வரை விடவில்லை.

கர்ப்பப்பையை ஆபரேஷன் செய்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார் டாக்டர். கை கழுவும்போது ஏதோ குறைகிறதே என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். இந்த வார்டில் சோதனை என்றால் அழுகையும் இழுபறியும் இருக்கும், இன்று சத்தமே இல்லை. என்னைக் கேட்டார்:

"இந்தத் துணி எந்த ஸ்டோரிலிருந்து வருகிறது, நர்ஸ்?"

முதலில் அதை வேகவை

அதோடு முடிந்ததா? மேட்ரன் விடுவாரா? ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் வார்டைச் சுற்றி வந்தவர், வெள்ளைக் கட்டில்களுக்கு நடுவில் பூப் போட்ட பாத்தேக் சாரோங்கைக் கண்டு நின்றுவிட்டார். சொந்தத் துணி கூடாது, கழற்றச் சொல் என்றார். அடுத்த இரண்டு கட்டில்களிலும் வீட்டுச் சாரோங் வந்திருந்ததை நல்லவேளை கவனிக்கவில்லை. மக்சிக்குக்கு ஆங்கிலம் தெரியாது, மேட்ரனின் விரல் எதைக் காட்டுகிறது என்று தெரிந்தது. எழுந்து கெபாயாவைத் தேட ஆரம்பித்தார். வீட்டுக்குப் போகத்தான்.

எனக்கு வந்ததே கோபம். மேடம், ஆபரேஷன் தியேட்டரில் மயங்கிக் கிடக்கிறவர்களுக்குத் தலை, வயிறு, கால் என்று துணிமேல் துணி போட்டு மூடுகிறோம், அவர்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. விழித்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்கு ஒரு துணி கிடையாது. இந்த அம்மா இந்தத் துணி இல்லாமல் இருக்க மாட்டார். போய்விட்டால் அடுத்த தடவை பிணமாகத்தான் வருவார், அப்போது மட்டும் முழுக்க மூடுவோம். ஏன் போனார் என்று டாக்டரிடம் நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. டாக்டரும் அங்கேதான் இருந்தார். முந்தாநாள் எந்த ஸ்டோர் என்று கேட்டவர், இன்று தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மேட்ரன் என்னைப் பார்த்தார், மக்சிக்கைப் பார்த்தார், அந்த வெறும் சட்டத்தையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, போகிற போக்கில் சொன்னார்:

"சரி. முதலில் அதை வேகவை."

பலகாரக்காரர் கண்

வேகவைத்தோம். முனியம்மா பெரிய பானையில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க விட்டதில் பூவெல்லாம் சாயம் போய் மூஞ்சூறு நிறமாகிவிட்டது. கண்ணை மூடும்போது மேலே இருக்கிற துணி, கண்ணைத் திறக்கும்போதும் இருக்க வேண்டும் என்று மக்சிக் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். தியேட்டரில் மயக்கம் வந்த பிறகு கழற்றினோம். வெளியே வரும் முன்பு, கட்டுக்கு மேலே நானே மாட்டி, மார்பில் சொருகிவிட்டேன். கண் விழித்ததும் அவர் கை முதலில் போனது வயிற்றுக்கு அல்ல, அந்தச் சொருகுக்குத்தான். இருக்கிறது என்று தெரிந்ததும் மறுபடி தூங்கிப்போனார். நான் பக்கத்து அறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்திலா ஆத்திரத்திலா என்று கேட்டால், ஒரு சாண் துணிக்காக ஒரு மனுஷி உயிரையே விடப் பார்த்தாளே என்ற ஆத்திரம்தான் அதிகம்.

புண் ஆறி வீட்டுக்கு வந்தார். சாயம் போன சாரோங்கைப் பார்த்து என்னையும் முனியம்மாவையும் ஒரு பாடு திட்டித் தீர்த்தார். பிறகு ஒரு காலை, நெற்றியில் விபூதி, நல்ல கெபாயா, காலில் செருப்பு என்று முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். நிமிர்ந்து, காலை ஒழுங்காக எடுத்து வைத்து, நேரே பலகாரக்காரரின் மேசைக்குத்தான் போனார். அந்த ஆள் பார்த்ததும் குனிந்து இலையை அடுக்குவதுபோல் பாவனை செய்தார். சுற்றி நாலு பேர் நின்றார்கள், காப்பிக் கடையில் கேட்டுச் சிரித்தவர்களும் அதில் உண்டு. மக்சிக் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். அந்த ஆள் நிமிர்கிற வரைக்கும் நின்றார். நிமிர்ந்ததும், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நல்லதாப் பார்த்து எடுத்துக் கொடு. உனக்குத்தான் கண் நல்லாத் தெரியுமே."

நாட்டுக்கு விடுதலை கிடைத்த அந்த வருஷத்தில் எங்கள் மூன்றாம் வகுப்பு வார்டுக்குக் கிடைத்தது உடம்பை மூட ஒரு சாயம் போன சாரோங், அதையும் நோயாளியே வீட்டிலிருந்து கொண்டுவந்தார்.